கேட்காமல் கொடுத்த சாவி

மாடி வீட்டைப் பார்க்க அவர் வந்தபோது கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. நீல நாடா, பிளாஸ்டிக் உறை, உள்ளே ஒரு சின்னச் சிரிப்பு. எங்கள் ஆம்பூரில் அதைவிடப் பெரிய நற்சான்று கிடையாது. பெண் கேட்டுப் போனால் அந்த நாடாவுக்குக் காபி கிடைக்கும். வீடு கேட்டுப் போனால் சாவி கிடைக்கும்.

"எந்த டிபார்ட்மென்ட் தம்பி?"

"ஸ்டிச்சிங்க்கா."

"எத்தன பேரு?"

"நான், வீட்டுக்காரி, சின்னது ஒண்ணு. மூணே பேருக்கா. நாங்க இருக்கறதே தெரியாது."

இரண்டு கேள்வி கேட்டேன். அதுகூட வாய் சும்மா இருக்க வேண்டாமே என்றுதான். மோட்டார் எப்போது போட வேண்டும், துணி எந்தப் பக்கம் காயப்போட வேண்டும், தொட்டி மூடியை எப்படித் திருகி மூட வேண்டும் என்று நான்தான் மூச்சுவிடாமல் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மறுநாளே பாலைக் காய்ச்சினார்கள். எனக்கும் ஒரு தம்ளர் வந்தது. குடித்தேன்.

இத்தனைக்கும் என் பிழைப்பே சோதிப்பதுதான். ஷூ கம்பெனியில் செக்கிங் டேபிளில் நிற்கிறேன், இருபது வருஷத்துக்கு மேலாக. வெள்ளை விளக்கின் கீழே ஷூ வரும். எடுப்பேன், திருப்புவேன், வளைப்பேன், உள்ளே விரலை விட்டுத் தடவுவேன். தையல் ஒரு கண்ணி தவறியிருந்தால் விரல் நின்றுவிடும். மாடு உயிரோடிருந்தபோது முள்ளில் உரசிய தழும்பு, உண்ணி கடித்த புள்ளி, சாயம் ஒரு பக்கம் தூக்கலாகப் பிடித்த இடம், எல்லாவற்றுக்கும் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர். கடல் தாண்டி யாரோ ஒருவர் காலில் ஏறப்போகிற ஷூவுக்கு இவ்வளவு பார்த்தேன். என் மகளின் தலைக்கு மேலே குடியேறப்போகிறவரிடம் ஒரு அம்புகூட ஒட்டவில்லை.

கேட்காததற்குக் காரணம் இருந்தது. இன்றைக்கும் அந்தக் காரணத்தை நான் குறைசொல்ல மாட்டேன்.

கல்யாணமான புதிதில் என் கணவருக்கு வேலூரில் வேலை. வீடு தேடி இரண்டு பேரும் தெருத்தெருவாக நடந்தோம். வெயில் செருப்பு வழியாகவே ஏறும் ஊர் அது. ஒரு வீட்டில் அம்மா வாசற்படியில் நின்றுகொண்டே கேட்டார்.

"இன்னா ஆளுங்க நீங்க?"

"ஆம்பூர்ப் பக்கம்ங்க" என்றார் என் கணவர்.

"ஊரக் கேக்கலப்பா."

அடுத்த வீட்டில் கறி சமைப்பீர்களா என்றார்கள். அதற்கடுத்த வீட்டில் கேள்வியே இல்லை. அந்தப் பெரியவர் என் கழுத்தை, நெற்றியை, மறுபடி கழுத்தைப் பார்த்துவிட்டு, "இப்பதான் ஒருத்தருக்கு வாக்கு குடுத்தேன்" என்று கதவைச் சாத்தினார். கதவில் 'வீடு வாடகைக்கு' என்ற அட்டை அப்படியே ஆடிக்கொண்டிருந்தது. ஒரு வீட்டில் எல்லாம் கூடிவந்த நேரத்தில் அந்த வீட்டம்மா மூக்கைச் சுளித்து, "தோல் கம்பெனிக் குடும்பமா? வாசனை வருமே" என்றார். அன்று திரும்பி வரும் பஸ்ஸில் என் புடவைத் தலைப்பை நானே முகர்ந்து பார்த்துக்கொண்டே வந்தேன். அந்த வாசற்படிகள் இத்தனை வருஷத்துக்குப் பிறகும் உள்ளே கிடந்து வலிக்கின்றன.

அன்றைக்கே முடிவுசெய்தோம். நமக்கென்று ஒரு வீடு வந்தால், அதில் ஒரு மாடி வந்தால், குடிவருகிற எவரையும் நிற்கவைத்து விசாரிக்கக் கூடாது. வீடு வந்தது. பத்து வருஷம் கழித்து மாடியும் வந்தது. சொன்னபடி செய்தோம். விசாரிப்பதே கேவலம் என்று வைத்துக்கொண்டோம். கேட்கக் கூடாத கேள்விகளைத் தூக்கி எறிந்த வேகத்தில், கேட்டே ஆக வேண்டிய கேள்விகளும் கூடவே குப்பைக்குப் போய்விட்டன. அது எனக்குப் புரிவதற்கு ஒரு வருஷமும் என் மகளின் நெஞ்சும் தேவைப்பட்டன.

அவர்கள் குடிவந்த இரண்டாம் வாரமே மாடிக்கு மூட்டைகள் ஏறத் தொடங்கின. வெட்டிய தோல் துண்டுகள், ஷூவின் மேல்பாகத்துக்கு உரியவை. வேறு ஊரில் என்றால் வீட்டுக்காரர்கள் என்ன மூட்டை என்று கேட்டிருப்பார்கள். எங்கள் ஊரில் கேட்க மாட்டார்கள். இங்கே வீட்டுக்கு வீடு பெண்கள் கம்பெனியிலிருந்து ஷூ மேல்பாகம் வாங்கிவந்து வாசலில் உட்கார்ந்து கைத்தையல் போடுகிறார்கள். பீன்ஸ் நறுக்குகிற வீட்டைப் போல அது ஒரு சாதாரண காட்சி. மூட்டை ஏறுகிறது, பாவம் அந்தப் பெண்ணும் நாலு ஜோடி தைக்கிறாள் போல என்று நினைத்தேன். சந்தோஷப்பட்டேன்கூட.

ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று நான்கு பெண்கள் படியேறிப் போனார்கள். மாதனூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள், எங்கள் கம்பெனி பஸ்ஸில் பார்த்த முகங்கள். சொந்தக்காரர்கள் என்றார் அவர். சொந்தக்காரர்கள் காலையில் வந்து மாலையில் போவார்கள், ஜன்னலைச் சாத்திக்கொண்டு. நல்ல வெயில் காலத்தில் எதற்கு ஜன்னலைச் சாத்துகிறார்கள் என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதைக் கேட்பது மரியாதை இல்லை என்று விட்டுவிட்டேன்.

என் மகள் காட்பாடியில் படிக்கிறாள், வேதியியல். காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்புவாள். அவள் அறை மாடிப்படிக்குக் கீழே. மழை ஓய்ந்த ஒரு மாதத்தில் அவளுக்கு இருமல் ஆரம்பித்தது. கல்லூரியில் இருமல் இல்லை, ரயிலில் இல்லை. வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் கழிந்தால் வரும். ஞாயிற்றுக்கிழமை நாள் முழுக்க.

"மா, ஏதோ வாசன வருதுமா."

"எந்த ஊர்ல பொறந்துட்டு இன்னா பேசற? ஊரே வாசனதான்."

"இது தோல் வாசன இல்லமா. தலைய வலிக்குது."

"படிச்சா வலிக்கும். எழுந்து காப்பி போட்டுக் குடி."

நான் சொன்ன பதில் இது. தோலோடும் பசையோடும் நாள் முழுக்க நிற்கிற என் மூக்குக்கு எல்லாமே ஒரே வாசனை, அதாவது வாசனையே இல்லை. அந்த மூக்கை நம்பித்தான் அவளைக் கிண்டல் செய்தேன்.

ஒரு ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தாள். மூச்சு உள்ளே போகவில்லை. தோள் இரண்டும் காதுவரை ஏறி ஏறி இறங்கின. நெஞ்சுக்குள் யாரோ விசிலை அழுத்திப் பிடித்திருப்பது போல ஒரு சத்தம். "மா" என்று சொல்ல வாயைத் திறந்தாள், அந்த ஓரெழுத்துக்குக் காற்று போதவில்லை. ஆட்டோவில் அவள் முதுகைத் தேய்த்துக்கொண்டே போனேன். எந்தத் தெருவைக் கடந்தோம் என்று தெரியாது.

முகத்தில் புகைமருந்து மூடியை வைத்து, மூச்சு கொஞ்சம் இறங்கிய பிறகு, டாக்டரம்மா என்னைப் பார்த்தார். என் மகளைவிட ஏழெட்டு வயதுதான் பெரியவராக இருப்பார்.

"வீட்ல சொல்யூஷன் வேல பண்றீங்களா?"

தோல் ஒட்டுகிற பசையை எங்கள் ஊரில் சொல்யூஷன் என்போம். டின் டின்னாக வரும்.

"இல்ல டாக்டர். நான் கம்பெனியிலதான். வீட்டுக்கு எதும் எடுத்துட்டு வர்றதில்ல."

அவர் குனிந்து என் மகளின் துப்பட்டா நுனியை எடுத்து முகர்ந்தார். "இவ்ளோ அடிக்குது. உங்களுக்கு வரலையா?"

வாங்கி நானும் முகர்ந்தேன். ஒன்றும் வரவில்லை. அந்த இடத்தில் எனக்குப் பயம் வந்தது, அதுவரை வராத பயம்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடிக்குப் போனேன். கதவைத் தட்டவில்லை, தள்ளினேன். நான் கட்டிய கூடம். தரையில் நாலு பெண்கள் உட்கார்ந்து துண்டுகளுக்குப் பிரஷ்ஷால் பசை தடவிக்கொண்டிருந்தார்கள். சுவரோரம் டின்கள் இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருந்தன. ஜன்னல் இடுக்குகளில் துணி திணித்திருந்தது. அடுத்த அறையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, நீலச் சுடர், மேலே குழம்பு. அவருடைய சின்ன மகள் ஒரு மூட்டையின்மேல் கவிழ்ந்து படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னா தம்பி இது?"

"கம்பெனிக்கு ஒட்டிக் குடுக்கற ஜாப் ஒர்க்குக்கா."

"ஜன்னல ஏன் சாத்தி வெச்சிருக்கீங்க?"

"காத்து பட்டா சொல்யூஷன் சீக்கிரம் காஞ்சிடும்க்கா. ஒட்டாது."

"கம்பெனியில வேலன்னு சொன்னீங்களே?"

"அது உங்க வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே விட்டுட்டேன்க்கா." கொஞ்சமும் குரலை உயர்த்தாமல் சொன்னார். "நீங்க எந்த டிபார்ட்மென்ட்டுன்னுதான் கேட்டீங்க. இப்ப போறியான்னு கேக்கலயே."

ஒரு பெண் சிரித்துவிட்டுப் பிரஷ்ஷைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். எனக்கு எரிச்சலாக இருந்தது, ஆனால் அவர் சொன்னது உண்மை. நான் நாடாவைப் பார்த்தேன். நாடாவில் இருந்த கம்பெனிக்கு ஒரு போன் போட்டிருந்தால் போதும்.

நாளைக்கே எடுத்துவிடுகிறேன் என்றார். எடுக்கவில்லை, டின்களைப் பரணுக்கு மாற்றினார். ஞாயிற்றுக்கிழமை வேலை வாரநாள் வேலையானது, நான் கம்பெனிக்குப் போகிற நேரத்தில், வேறு பெண்களை வைத்து. என் மகள் தோழியின் விடுதி அறைக்குப் போய்விட்டாள். இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை வந்தவள் கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள்.

"உள்ள வாடி."

"இன்னும் வருதுமா. இங்கயே நின்னு பாத்துட்டுப் போறேன்."

கேட்டுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். சாம்பார் டப்பாவைக் கம்பிகளுக்கு நடுவே கொடுத்தேன். நாங்கள் கடன்பட்டு, கல் சுமந்து, தண்ணீர் ஊற்றிக் காயவைத்த வீட்டுக்குள் என் பிள்ளை கால் வைக்க முடியவில்லை. அவள் தெருமுனை திரும்புகிறவரை நின்றேன். அப்புறம் நிற்கவில்லை.

முதலில் காவல் நிலையம். எழுத்தர் ஒரு படிவத்தை நீட்டினார். "குடி வெக்கும்போதே இத நிரப்பிக் குடுக்கணும்மா. பரவால்ல, இப்ப நிரப்புங்க." பெயர் எழுதினேன். சொந்த ஊர் என்ற இடத்தில் பேனா நின்றது. ஆதார் எண், தெரியாது. முந்தைய முகவரி, தெரியாது. முந்தைய வீட்டு உரிமையாளர் பெயர், தெரியாது. ஒப்பந்தப் பத்திரம், இல்லை. நானே எனக்கு அம்பு அம்பாக ஒட்டிக்கொண்டே வந்தேன். அந்தத் தாளை நான் சோதித்திருந்தால் மேலிருந்து கீழ்வரை ரிஜெக்ட்.

"ஒரு வருஷமா உங்க தலைக்கு மேல இருக்காரு. யாருன்னே தெரியாதா?" என்றார் எழுத்தர். திட்டவில்லை. ஆச்சரியப்பட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவருடைய சாமான் வந்த குட்டியானை வண்டி ஞாபகம் வந்தது. ஸ்டாண்டில் விசாரித்தேன். ஓட்டுநர் தயங்காமல் சொன்னார், "பேரணாம்பட்டுலருந்துக்கா. பள்ளிவாசல் பின்னாடி, பச்ச கேட்டு. ஒரு பாய் வீடு." அவ்வளவுதான். ஒரு வருஷம் எனக்குத் தெரியாமலிருந்த விஷயம் எங்கள் தெருமுனையில் பீடி பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது.

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் பேரணாம்பட்டுக்கு பஸ் ஏறினேன். பச்சை கேட்டைத் திறந்தவர் வெள்ளைத் தாடி வைத்த பெரியவர். விஷயத்தைச் சொன்னதும் நாற்காலி போடச் சொன்னார், உள்ளே பார்த்து உருதுவில் ஏதோ சொன்னார், தண்ணீர் வந்தது.

"நல்ல ஆளும்மா அவன். குடி கிடையாது, பேச்சு கம்மி. பொய் மட்டும் அவனுக்குப் பொய்யாவே தெரியாது. வாங்க, காட்டறேன்."

பின்கட்டில் ஒரு அறை. கதவைத் திறந்தார். ஒரு சுவர் முழுக்கக் கருப்பு. கூரைவரை நாக்கு நாக்காக ஏறியிருந்தது. சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள், அதற்குள்ளிருந்தும் கருப்பு ஊறி வந்திருந்தது.

"பகல்ல நடந்தது. சொல்யூஷன் டின் தொறந்து கீது, அவன் சம்சாரம் பக்கத்துல அடுப்பப் பத்த வெச்சா. அல்லா காப்பாத்தினான், கொழந்த என் வீட்ல வெளயாடிட்டு இருந்துச்சு."

அந்தச் சுவரில் கையை வைத்தேன். சோதிக்கிற பழக்கம் கைக்கு. விரலில் கரி வந்தது. மூட்டையின்மேல் கவிழ்ந்து தூங்கிய சின்னதும், கீழே புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த என்னுடையதும் ஒரே நேரத்தில் கண்ணுக்குள் வந்தார்கள்.

"நீங்க யார்கிட்டயும் சொல்லலையா பாய்?"

"யார் கேட்டாங்க?" என்றார். "ஒரு போன் பண்ணியிருந்தா ரெண்டே நிமிஷம், சொல்லியிருப்பேனேம்மா. நானா எங்க போய்ச் சொல்றது? அவன் எங்க போனான்னுகூட இப்ப உங்க வாயாலதான் தெரியுது."

திரும்பும் வழியில் பஸ் ஜன்னலில் பாலாறு வந்தது, தண்ணீர் இல்லாத அகலம். வேலூரில் என்னைக் கேள்வி கேட்டவர்களை மறுபடி நினைத்தேன். அவர்கள் கேட்டது எதுவும் அவர்கள் வீட்டை ஒரு தீக்குச்சியிடமிருந்துகூடக் காப்பாற்றியிருக்காது. என் சாதியைத் தெரிந்துகொண்டு அவர்களால் என்ன செய்திருக்க முடியும்? அடுப்பை அணைத்திருக்க முடியுமா? அவர்கள் கேட்டது என்னை அளக்க. நான் கேட்டிருக்க வேண்டியது என் கூரைக்குக் கீழே என்ன நடக்கப்போகிறது என்று. இரண்டும் ஒன்றல்ல. இரண்டையும் ஒன்றாகக் கட்டித் தூக்கிப்போட்டவள் நான். நல்லவளாக இருக்கிறேன் என்ற நினைப்பில் செய்தது. அந்த நினைப்புக்கு என் மகள் மூச்சால் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

அன்று சாயங்காலம் மாடிக்குப் போனேன். கணவரையும் கூட்டிக்கொண்டு. அவர் படியிலேயே, "கொஞ்சம் பொறுமையா பேசு, பேஜார் பண்ணாத" என்றார். பொறுமையாகத்தான் பேசினேன்.

"பேரணாம்பட்டு போய்ட்டு வர்றேன் தம்பி. சுவத்தப் பாத்தேன்."

அவர் முகம் மாறியது. மனைவி அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றாள்.

"எல்லாரும் பண்றதுதானக்கா. இந்தத் தெருவுலயே எத்தன வீட்ல..."

"தையல் பண்றாங்க. டின்ன அடுக்கி வெச்சு ஜன்னலச் சாத்தறதில்ல."

"ஷெட்டு புடிச்சா கட்டுபடியாவாதுக்கா. எங்க போவேன்?"

"டின்னு இன்னிக்கே எறங்கணும். இப்பவே. நீங்க இந்த மாசம் பூரா இருங்க, வேற வீடு பாருங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். டின்னு மட்டும் இந்தக் கூரைக்குக் கீழ இனிமே ஒரு மணி நேரம்கூட இருக்காது."

"அக்கா, ஒரு வாரம்..."

"உம் பொண்ணு தூங்கறது எங்கன்னு பாரு தம்பி. மூட்ட மேல. எம் பொண்ணுக்காக மட்டும் பேசறேன்னு நெனைக்காத."

அவர் மனைவிதான் முதல் டின்னைத் தூக்கினாள். புடவையைச் செருகிக்கொண்டு படியிறங்கினாள். பிறகு அவர், பிறகு என் கணவர், பிறகு நான். வெளிச்சம் போவதற்குள் குட்டியானையில் ஏற்றி முடித்தோம்.

மாதம் முடிகிற அன்று போய்விட்டார்கள். எங்கே என்று கேட்டேன். பார்த்துக்கிறோம்க்கா என்றார். மாடிக் கதவு ஜன்னல் எல்லாவற்றையும் மூன்று வாரம் திறந்தே போட்டேன். என் மூக்கு எதற்கும் உதவாது என்பதால் ஒவ்வொரு சனிக்கிழமையும் மகள் வந்து கேட்டருகே நின்று மூச்சை இழுத்துப் பார்ப்பாள். முதல் வாரம் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். இரண்டாவது வாரம் வாசல்வரை வந்தாள். மூன்றாவது வாரம் நேராக உள்ளே போய், "மா, பசிக்குது" என்றாள்.

அதன் பிறகு மாடிக்கு ஆள் வந்தது. வந்துகொண்டே இருந்தது. இப்போது என்னிடம் கேள்விகள் இருந்தன.

கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் உட்காருகிறவள், பல வருஷத் தோழி, தன் தம்பியை அழைத்துவந்தாள். நல்ல பையன், நல்ல சட்டை. எங்கே வேலை, இப்போதும் அங்கேதானா, ஆதார் நகல் கொடுங்கள், இப்போது இருக்கிற வீட்டுக்காரர் போன் நம்பர் கொடுங்கள் என்றேன். அவன் அக்காவைப் பார்த்தான்.

"இன்னாடி, என் தம்பிய போய் போலீஸ் மாதிரி விசாரிக்கற?"

"உன்னத்தான்டி எனக்குத் தெரியும். அவர எனக்குத் தெரியாதே."

"ஏழெட்டு வருஷமா ஒரே சீட்டுல போறோம். எம் பேச்சு போதாதா?"

"நீ குடிவர்றதா இருந்தா போதும்டி. நாளைக்கே வா."

தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவளுக்கு வரவில்லை. நம்பரும் வரவில்லை. நான் சாவி கொடுக்கவில்லை. அடுத்த ஒரு மாதம் அவள் பஸ்ஸில் முன்சீட்டுக்குப் போய்விட்டாள். பஸ்ஸில் என்னைப் பற்றிப் பேச்சு ஓடியது, வீட்டுக்காரி ஆனதும் திமிர் வந்துவிட்டது என்று. அது எனக்குச் சுட்டது. நானே வாடகைக்கு அலைந்தவள் அல்லவா. ஆனாலும் சூட்டைத் தாங்கிக்கொண்டேன். தோழியின் வருத்தம் ஆறும். நெஞ்சுக்குள் அந்த விசில் சத்தத்தை இன்னொரு முறை கேட்க எனக்குத் திராணி இல்லை.

மாடி இரண்டு மாதம் காலியாகக் கிடந்தது. "கேள்வித்தாளு ரெடி பண்ணி ஜெராக்ஸ் எடுத்து வெச்சுடு. பாஸ் பண்றவங்களுக்கு வீடு" என்றார் என் கணவர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் காலி வீடு அவரையும் உறுத்தியது. நான் அசையவில்லை. என்ன ஆள், என்ன சாமி, என்ன சமைப்பீர்கள் என்று ஒருவரிடமும் கேட்கவில்லை, சாகிறவரை கேட்க மாட்டேன். யார் யார் இருப்பீர்கள், என்ன தொழில், வீட்டுக்குள் என்ன செய்வீர்கள், முன்னால் எங்கே இருந்தீர்கள், ஏன் காலி செய்கிறீர்கள் என்று எல்லோரிடமும் கேட்டேன். ஒரே மாதிரி, ஒரே வரிசையில், டாக்டரிடமும் பெயின்டரிடமும். ஆளுக்குத் தகுந்தமாதிரி மாற்றிக் கேட்கத் தொடங்கினால் வேலூர் வாசற்படி எனக்குள்ளும் முளைத்துவிடும்.

கடைசியில் வந்தது திமிரியிலிருந்து ஒரு குடும்பம். கணவன் மின்சாரப் பொருள் கடையில், மனைவி தையல் டீச்சர். நான் கேட்டதற்கெல்லாம் அந்தப் பெண் பதில் சொன்னாள். முடிந்ததும் பையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இப்ப நான் கேக்கலாமாக்கா?"

"கேளும்மா."

"மேல பரண்ல லேசா ஒரு வாசன வருதே, ஏன்? முன்ன இருந்தவங்க ஏன் போனாங்க? அவங்க நம்பர் கீதா?"

என் மகள் உள்ளே ஓடிவிட்டாள், சிரிப்பை அடக்க. எனக்கு அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முந்தைய வீட்டுக்காரருக்கு அவள் எதிரிலேயே போன் போட்டேன். அவர், "தங்கமான பொண்ணு, கதவ மட்டும் படார்னு சாத்துவா" என்றார். "அது காத்துக்கா" என்றாள் அவள். குடியிருக்க மட்டும், தொழில் எதுவும் கூடாது என்ற வரியோடு பத்திரம் எழுதினோம். அவள் ஒவ்வொரு பக்கமும் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள். படிவத்தைக் காவல் நிலையத்தில் கொடுத்தேன். இந்தத் தடவை எந்த வரியும் காலியாக இல்லை.

போன மாதம் கம்பெனியில் சாப்பாட்டு நேரம். தெரியாத எண்ணிலிருந்து போன். பெண் குரல், குடியாத்தத்திலிருந்து.

"உங்க மாடில முன்ன இருந்தாராமே, ஜாப் ஒர்க் பண்றவரு. எங்க வீட்டப் பாக்க வந்தாரு. நம்பர் கேட்டேன், உங்க நம்பரக் குடுத்தாரு. ஆளு எப்டிங்க?"

சாப்பாட்டு டப்பாவை மூடினேன். கொடுத்திருக்கிறார். நான் என்ன சொல்வேன் என்று தெரிந்தும் கொடுத்திருக்கிறார், அல்லது கொடுக்க வேறு நம்பர் இல்லை. நல்லவர் என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்தக் குடும்பத்துக்கு இன்று வீடு கிடைக்கும். அந்தச் சின்னதற்குப் பள்ளிக்கூட வயது வந்திருக்கும்.

"நல்ல மனுஷங்க" என்றேன். "வாடகைக்கு ஒரு தபாகூட நாங்க கேட்டு நின்னதில்ல. குடி இல்ல, சத்தம் இல்ல."

"அப்ப குடுத்துடலாம்ல?"

"இருங்க. உங்க வீட்ல யாரு யாரு கீறாங்க?"

"ஏங்க, நான் உங்களக் கேட்டா நீங்க என்ன விசாரிக்கறீங்க?"

"சொல்லுங்க."

"மாமியாரு, நாங்க, ரெண்டு புள்ளைங்க. சின்னது இன்னும் தொட்டில்ல."

சொன்னேன். என் மகளின் நெஞ்சைச் சொன்னேன், ஜன்னல் இடுக்கில் திணித்த துணியைச் சொன்னேன், பேரணாம்பட்டில் என் கையில் ஒட்டிய கரியைச் சொன்னேன். "தொழிலுக்குத் தனியா ஷெட்டு எடுத்துட்டாரான்னு கேளுங்க. எடுத்துட்டேன்னு சொன்னா நேர்ல போய்ப் பாருங்க, வார்த்தைய நம்பாதீங்க. டின்னு வீட்டுக்குள்ள வரக் கூடாதுன்னு எழுதி வாங்குங்க. எழுதிக் குடுத்தாருன்னா சாவியக் குடுங்க. வேற எதுக்காகவும் அவங்கள வேணாம்னு சொல்லிடாதீங்க."

அந்தப் பக்கம் தொட்டில் கம்பி கிறீச்சிட்டது, குழந்தை ஏதோ முனகியது. இந்தப் பக்கம் மணி அடித்தது. வரிசை வரிசையாகப் பெண்கள் எழுந்து டேபிளுக்குப் போனார்கள். சூப்பர்வைசர் என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

"இருங்கக்கா, பேனா எடுத்துட்டு வந்துடறேன்" என்றது குரல். "மொதல்லேர்ந்து இன்னொரு தபா சொல்லுங்க."

சூப்பர்வைசருக்கு விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.